உயிருக்குப் போராடும் நேரத்தில் ஆராய்ச்சி எதற்கு?

கேள்வி இது: "மாமாவுக்கு நெஞ்சுவலி என்று கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனோம். உள்ளே டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் கோப்போடு வந்து, ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா என்று அத்தையிடம் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறவர்களால் அவசர சிகிச்சைக்கு நிஜமாகவே ஏதாவது பயன் உண்டா?"

கோப்போடு நிற்கும் அந்த வேலைதான் என்னுடையதும். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு போதனா மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஆய்வுத் தாதியாக இருக்கிறேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயன் உண்டா என்ற கேள்விக்கு என் பதில்: உண்டு, உங்கள் மாமாவுக்கு அன்று கிடைத்த சிகிச்சையிலேயே உண்டு.

நெஞ்சுவலி என்று சொன்னதும் ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லியிருப்பார்கள். அது ஆஸ்பிரின். காசு கணக்கில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத விலை. மாரடைப்பு வந்தவருக்கு அதை உடனே கொடுப்பது 1980களின் நடுப்பகுதியில்கூட எல்லா இடத்திலும் வழக்கமாக இல்லை. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 நாடுகளில் 417 மருத்துவமனைகளைச் சேர்த்து, மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரிடம் ஐசிஸ்-2 என்ற ஆய்வை நடத்தினார்கள். முடிவு 1988இல் வெளிவந்தது. ஐந்து வாரங்களுக்குள் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள், ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 9.4 விழுக்காடு, எடுக்காதவர்களில் 11.8 விழுக்காடு. அந்த 17,187 பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான். அவர்கள் கூடவும் யாரோ பதறிக்கொண்டு வந்திருப்பார்கள். அந்தப் பதற்றத்துக்கு நடுவிலும் சரி என்று சொன்ன குடும்பங்களால்தான் உங்கள் மாமாவின் கையில் அந்த மாத்திரை வந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கிட்டத்தட்ட எல்லாக் குடும்பமும் எங்களிடம் கேட்கிறது. "மிஸ்ஸி (தாதியை இப்படித்தான் கூப்பிடுவார்கள்), ஏன் எங்கப்பாவுக்கு ஆக்சிஜன் வைக்கல?" மாரடைப்பு என்றால் ஆக்சிஜன் முகமூடி போட்டே ஆக வேண்டும் என்று பல காலம் மருத்துவ உலகமே நம்பியது. சுவீடனில் 6,629 நோயாளிகளிடம் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சோதித்துப் பார்த்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஆண்டுக்குள் இறந்தவர்கள் ஆக்சிஜன் கொடுத்த பக்கம் 5.0 விழுக்காடு, கொடுக்காத பக்கம் 5.1. அளவு சரியாக இருப்பவருக்கு முகமூடியால் பயன் இல்லை. ஆகவே டாக்டர் அதைப் போடாமல் விட்டால், கவனிக்காமல் விட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய கதை தலைக்காயத்தினுடையது. நம் நாட்டில் சாலை விபத்தில் சாதாரணமாக ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தலையில் அடிபட்டு வருகிறவர்களை என் பிரிவில் பார்த்துப் பார்த்து மனசு கனத்துப் போகிறது. தலையில் அடிபட்டால் மூளை வீங்கும். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுக்கலாம் என்று முப்பது ஆண்டுகளாக உலகின் பல மருத்துவமனைகளில் கொடுத்து வந்தார்கள். கேட்டால் நியாயமாகத்தான் தெரியும்: வீக்கம், அதற்கு வீக்கம் குறைக்கும் மருந்து. லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று பல நாடுகளில் நடத்திய கிராஷ் ஆய்வில் 10,008 பேர் சேர்ந்த பிறகு, 2004இல் உண்மை தெரிந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9. உயிரைக் காப்பாற்றும் என்று நம்பிக் கொடுத்த மருந்து நூறு பேரில் மூன்று பேரைக் கூடுதலாகக் கொன்றுகொண்டிருந்தது.

நூறில் மூன்று என்ற வித்தியாசம் எந்தத் தனி டாக்டரின் கண்ணுக்கும் தெரியாது. அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. அவசரப் பிரிவு டாக்டர் ஒரு நோயாளியைச் சில மணி நேரம்தான் பார்க்கிறார். அப்புறம் அந்த நோயாளி வார்டுக்கோ, அறுவை அறைக்கோ, தீவிர சிகிச்சைக்கோ போய்விடுகிறார். பிழைத்தாரா, பேசுகிறாரா, வேலைக்குத் திரும்பினாரா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆயிரக்கணக்கானவர்களைப் பதிவு செய்து, ஒரு மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் வீட்டுக்கு போன் போட்டு எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க யாராவது வேண்டும். அந்த வேலையைத்தான் நீங்கள் 'கட்டுரை எழுதுகிறவர்கள்' என்று சொல்பவர்கள் செய்கிறார்கள். அவர்களில் பலர் இரவு முழுக்க சிவப்பு மண்டலத்தில், அதாவது உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும் பகுதியில், நின்றுவிட்டு, விடிந்த பிறகு கணக்கைத் திறந்து உட்காரும் டாக்டர்கள்தான்.

ஆய்வு என்றால் மருந்து மட்டுமில்லை. எனக்கு மிகவும் பிடித்தது ஓர் அடுக்குமாடி ஆய்வு. கனடாவின் டொராண்டோ வட்டாரத்தில், வீட்டில் இதயம் நின்று விழுந்தவர்கள் எத்தனையாவது மாடியில் இருந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 2016இல் வெளிவந்தது. மூன்றாவது மாடிக்குக் கீழே இருந்தவர்களில் 4.2 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். மூன்றாவது மாடியிலும் அதற்கு மேலும் 2.6. பதினாறாவது மாடிக்கு மேல் 0.9. இருபத்தைந்துக்கு மேல் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்த நேரத்தைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். நோயாளியின் பக்கத்தில் ஆள் வந்து சேர்ந்த நேரம் வேறு. கோலாலம்பூரின் செந்தூலிலோ பந்தாயிலோ பி.பி.ஆர். எனும் அரசு மலிவு விலை அடுக்குமாடி பிளாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லிப்டுக்கு எத்தனை நேரம் காத்திருக்கிறோம், அது வேலை செய்யாத நாளில் என்ன பாடு படுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதைப் படித்த பிறகு நான் உறவினர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டில் யாராவது நினைவிழந்து விழுந்து, மூச்சும் சரியாக இல்லை என்றால், ஒருவர் 999ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில். இன்னொருவர் கீழே ஓடி, கார்டிடம் சொல்லி கேட்டைத் திறந்து வைத்து, லிப்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாய்ப்பிருந்தால் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்புங்கள். ஆம்புலன்ஸில் வரும் எம்.ஏ.க்கள் (மருத்துவ உதவியாளர்கள்) வந்து இறங்கும்போது லிப்ட் கதவு திறந்திருந்தால் அதுவே பெரிய உதவி.

'மூச்சும் சரியாக இல்லை' என்று ஏன் அழுத்திச் சொன்னேன் என்றால், அதுவும் ஆய்வில் தெரிந்த விஷயம். அவசர அழைப்புப் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தவர்கள், இதயம் நின்ற பலர் முதல் சில நிமிடங்கள் விட்டு விட்டு வாயைப் பிளந்து இழுப்பதைக் கவனித்தார்கள். பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்து 'மூச்சு இருக்கு' என்று சொல்லிவிடுகிறார், அழைப்பை எடுத்தவரும் நம்பிவிடுகிறார், நெஞ்சை அழுத்துவது தள்ளிப்போகிறது. கூப்பிட்டால் அசையாமல், குறட்டை போல எப்போதாவது ஒரு முறை இழுத்தால் அது மூச்சு இல்லை. அழுத்தத் தொடங்குங்கள்.

இனி நம் ஊர் விஷயம். ஆசியாவில் இந்த மாதிரித் தகவலே வெகு காலம் சரியாக இல்லை. 2010இல் பரோஸ் என்ற ஆசிய ஆய்வு வலையமைப்பு தொடங்கியது. சிங்கப்பூர், ஜப்பான், தென் கொரியா, தைவான், தாய்லாந்து, துபாய் ஆகியவற்றோடு மலேசியாவும் அதில் சேர்ந்தது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 66,780 பேரின் விவரங்களை வைத்து 2015இல் முதல் பெரிய கட்டுரை வந்தது. பக்கத்தில் இருந்தவர் நெஞ்சை அழுத்தி உதவிய விகிதம் நாட்டுக்கு நாடு 10.5 முதல் 40.9 விழுக்காடு வரை வேறுபட்டது. வீடு திரும்பியவர்கள் 0.5 முதல் 8.5 வரை. ஒரே கண்டத்தில், ஒரே நோய்க்கு இத்தனை வித்தியாசம். இந்த எண்களைப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

மலேசியாவில் அவசர மருத்துவம் தனிச் சிறப்புப் படிப்பாகத் தொடங்கியதே 1998இல்தான், கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில். மிக இளைய துறை. அதனால்தான் நாம் பின்பற்றும் வழிமுறைகளில் பெரும்பகுதி வேறு நாட்டு நோயாளிகளிடம் சோதித்தவை. நம் மக்களிடம் நீரிழிவு அதிகம், இந்தியர்களுக்கு மாரடைப்பு இளம் வயதிலேயே வருகிறது, பலர் ஆம்புலன்ஸை எதிர்பார்க்காமல் காரில் ஏற்றிக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் சுவீடன்காரரோ கனடாக்காரரோ வந்து நமக்காக ஆராயப் போவதில்லை. நம் குடும்பங்கள் தொடர்ந்து வேண்டாம் என்று சொன்னால் அந்த அட்டவணைகளில் நாம் இருக்கவே மாட்டோம். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

சரி, சம்மதம் பற்றி. ஆய்வுக்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னதால் மாமாவுக்கு வழக்கமான சிகிச்சையில் ஒரு துளிகூடக் குறையக் கூடாது. இங்கே எந்த ஆய்வும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளுக்கு ஒரு குழு இருக்கிறது, பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்கு அவற்றின் சொந்தக் குழுக்கள் இருக்கின்றன. நோயாளி நினைவில்லாமல் இருந்து, குடும்பத்தாரும் யாரும் இல்லாத நிலையில், அந்த நிலையையே ஆராயும் ஆய்வென்றால், குழு முன்கூட்டி அனுமதித்திருக்கும் பட்சத்தில் முதலில் சேர்த்துவிட்டு, முடிந்தவரை சீக்கிரம் சம்மதம் கேட்கலாம். மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையாக 1964இல் உருவான ஹெல்சிங்கி பிரகடனம் இதற்கு இடம் தருகிறது. பலருக்கு இது நெருடும். எனக்கும் முதலில் நெருடியது. ஆனால் பேச முடிந்தவர்களை மட்டும் ஆராய்ந்தால், பேச முடியாதவர்களுக்கு எது நல்லது என்று யாருக்கும் தெரியாமலே போகும்.

உங்கள் அத்தையிடம் அன்று கேட்ட நேரமும் முறையும் தவறாக இருந்திருக்கலாம். டாக்டர் வெளியே வந்து நிலைமையைச் சொன்ன பிறகு, உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை யாராவது கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமான சிகிச்சையில் என்ன மாறும், என்ன ஆபத்து, பாதியில் விலகலாமா, என்று நேராகக் கேளுங்கள். விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். விளக்கத் தாள் தமிழில் இருக்கிறதா என்று கேளுங்கள். அத்தை போன்ற பெரியவர்களுக்குப் படிக்கச் சிரமம் என்றால், முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லி, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னால்தான் கையெழுத்து வாங்க வேண்டும். தாளின் கடைசியில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். நடந்த விதம் பிடிக்கவில்லை என்றால் அதை அழைத்துச் சொல்லுங்கள், அவர்கள் விசாரிப்பார்கள்.