பல் தெரிந்தால் சிரிப்பா?

அன்புள்ள ஐயா,

வளர்ப்புப் பிராணிகளைப் படமெடுப்பதுதான் என் முழுநேரத் தொழில். பெரும்பாலும் நாய்கள். 'மனுஷங்களை எப்போ எடுக்கப் போற?' என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். நான் செய்வது கலையா, வெறும் சேவையா? வாடிக்கையாளர்கள் தொப்பி, கூலிங்கிளாஸ் என்று கொண்டுவந்து மாட்டுகிறார்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் வெக்மனே தன் நாய்களுக்கு உடை மாட்டியவர்தானே என்று சமாதானம் செய்துகொள்கிறேன். சில படங்களை இணைத்திருக்கிறேன். புது லென்ஸ் வாங்கலாமா என்றும் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

கலையா சேவையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில் இன்னும் நாலு நாயைப் பார்க்கலாம். வீட்டில் கேட்பதையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படங்களுக்கு வருகிறேன். சிவப்புத் தொப்பி போட்ட பழுப்பு நாய்க்குக் கீழே 'சிரிக்கும் செல்லம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே சிரிக்கிறது? வாயோரம் பின்னால் இழுபட்டிருக்கிறது. காதுகள் தலையோடு ஒட்டிக் கிடக்கின்றன. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் ஓட்டுவதால் கண்ணோரத்து வெள்ளை பளிச்சென்று தெரிகிறது. நாளெல்லாம் நாய்களோடு இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? பயந்து போயிருக்கிறது அது. அடுத்த படத்தில் மூக்கை நக்குகிறது. அதற்கடுத்ததில் கொட்டாவி. அதற்கு 'தூக்கக் கலக்கம்' என்று தலைப்பு வேறு! தூக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னை விட்டுவிடுங்கள் என்று தனக்குத் தெரிந்த வழியிலெல்லாம் சொல்லிப் பார்க்கிறது.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சந்தோஷத்திலும் வாய் திறந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அப்போது முகத்தில் இறுக்கம் இருக்காது, கண் லேசாகச் சுருங்கியிருக்கும். வாயை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். நீங்கள் வாயை மட்டும்தான் பார்க்கிறீர்கள்.

இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைக் கிளறியபோது எங்கள் பழைய குடும்பப் படம் ஒன்று கிடைத்தது. எல்லோரும் விறைத்துப் போய் நிற்கிறோம். ஓரத்தில் எங்கள் கறுப்பு நாய், பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே. யாரும் கூப்பிடவில்லை, அதுவாக வந்து நின்றது. வெளிச்சத்தை எங்கள் முகங்களுக்குப் பார்த்து வைத்திருப்பார்கள்போல, நாய் வெறும் கறுப்புத் திட்டாக விழுந்திருக்கிறது. வால் ஆடிக் கலைந்திருக்கிறது. ஆனால் தலையைத் தூக்கி அப்பாவின் கையைப் பார்க்கிறது. அப்பா விரல்களை மடக்கி வைத்திருக்கிறார். மடங்கிய விரலுக்குள் தின்ன ஏதாவது இருக்கும் என்பது அதன் அனுபவம். அத்தனை பேரில் படத்துக்காக முகத்தை மாற்றிக்கொள்ளாதது அது ஒன்றுதான்.

இப்போது நீங்கள் கடைசியாக வைத்திருக்கும் படம். மோவாய் நரைத்து, ஒரு கண்ணில் புரை விழுந்த கறுப்புக் கிழ நாய். சட்டம் நிறைய கறுப்பு இருந்தால் கேமராவின் ஒளிமானி அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். நீங்கள் அதை நம்பாமல் ஒளியைக் குறைத்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழ விட்டிருக்கிறீர்கள். கழுத்து ரோமம் இழை இழையாகத் தெரிகிறது. நாய் உங்களைப் பொருட்படுத்தவே இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நடப்பதைக் கேட்கிறது. எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் 'சுமார்' என்று எழுதியிருக்கிறீர்களே! அந்தப் பேனாவைப் பிடுங்கிப் போட வேண்டும்.

வெக்மனைத் துணைக்கு இழுக்காதீர்கள். அவருடைய மேன் ரே என்ற வெய்மரானர் இன நாய் 1970இல் வந்தது, 1982இல் சாகும்வரை அவரோடு இருந்தது. உங்களுக்குக் கிடைப்பது முன்பின் தெரியாத நாய், ஒரு மணி நேரம். 1974இல் நியூயார்க்கில் புகைப்படக்காரர் எலியட் எர்விட் எடுத்த படத்திலும் குட்டி நாய் தொப்பி போட்டிருக்கிறது என்று துள்ளாதீர்கள். அதில் கேமரா தரைக்கு இறங்கியிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் மனிதர் வெறும் பூட்ஸாகச் சுருங்கிவிடுகிறார். உங்கள் படங்களில் பாதி நின்ற வாக்கில் எடுத்தவை.

தொப்பி கொண்டுவந்தால் சண்டை போட வேண்டாம். வாங்கித் தரையில் வையுங்கள். நாய் வந்து மோந்து பார்க்கும், கவ்விக்கொண்டு ஓடினாலும் ஓடும். அதை எடுங்கள்.

லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம். கண் கூர்மையாக இருக்கும் படங்களில் மூக்கு மங்கலாகப் போகிறது. லென்ஸின் திறப்பைச் சுருக்கி, எஃப் 1.8ஐ விட்டு 4க்கு வாருங்கள், நீண்ட மூஞ்சிக்கு அதுதான் சரி. அப்புறம், அடுத்த முறை நீங்கள் கழித்துக்கட்டிய படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் தேர்வின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

அன்புடன்