ஒரே கணக்கால் பல தளங்களில் நுழையலாமா?

கேள்வி: உயர்தரம் படிக்கும் என் மகள், பாடக்குறிப்புத் தளங்கள் எல்லாவற்றிலும் 'கூகுள் மூலம் தொடர்க' என்ற பொத்தானை அழுத்தியே நுழைகிறாள். என் அண்ணரோ, தளத்துக்குத் தளம் வேறு கடவுச்சொல் வைப்பதே பாதுகாப்பு என்கிறார். எது சரி?
– வாசகி, மல்லாவி

பதில்: அண்ணர் சொல்வது நல்ல முறைதான், ஆனால் அதை முழுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் மிகக் குறைவு. பலர் பிறந்த ஆண்டையோ தொலைபேசி இலக்கத்தையோ எல்லாத் தளங்களுக்கும் கடவுச்சொல்லாகக் கொடுத்துவிடுகின்றனர். அவற்றுள் காவல் குறைந்த ஒரு சிறு தளத்திலிருந்து அது களவுபோனால், அதே சொல்லால் மற்றக் கணக்குகளையும் திறந்துபார்ப்பது களவாடுவோரின் வழமை. கூகுள் மூலம் நுழையும்போது அந்தத் தளத்துக்குக் கடவுச்சொல் போவதே இல்லை. 'இவர் இன்னார்' என்ற உறுதியும் பெயர், மின்னஞ்சல் முகவரி போன்ற சில விபரங்களும் மட்டுமே போகின்றன. ஆகவே மகள் செய்வதில் பிழையில்லை.

ஆயினும், எல்லாத் தளங்களும் தங்கியிருக்கும் அந்த ஒரு கணக்கு உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பதை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வன்னியில் பலருடைய முதல் ஜிமெயில் கணக்கு, கைத்தொலைபேசி வாங்கிய கடையிலேயே கடைக்காரரால் திறக்கப்பட்டது. கடவுச்சொல் அவருக்கும் தெரிந்திருக்கும், மீட்பு இலக்கமாக எப்போதோ கைவிட்ட சிம்மின் இலக்கம் கிடக்கும். அந்த இலக்கம் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்பட்டால், கணக்கை மீட்கும் குறுஞ்செய்தியும் அவருக்கே போகும். அப்படிப்பட்ட கணக்கை நம்பிப் பத்துத் தளங்களில் நுழைவதை என்னால் ஏற்க முடியாது.

எனவே முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வீட்டில் இப்போது பாவிக்கும் இலக்கத்தை மீட்பு இலக்கமாகப் பதியுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதியையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதன்பின் 8 இலக்கங்கள் கொண்ட 10 மாற்றுக் குறியீடுகளைக் கூகுளிடம் பெறலாம். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும் என்றாலும், சிக்னல் கிடைக்காத வேளையிலும் சிம் தொலைந்த வேளையிலும் கைகொடுப்பவை அவையே. தாளில் எழுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். எத்தனை இடப்பெயர்விலும் அந்தக் கோப்பைக் கைவிடாதவர்கள் நம் மக்கள். வங்கிக் கணக்குக்கு மட்டும் வேறெங்கும் பாவிக்காத தனிக் கடவுச்சொல் இருக்கட்டும்.

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கணினி நிலையத்திலிருந்து, பேஸ்புக் மூலம் ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் நுழைந்து விண்ணப்பித்தேன். அந்தத் தளத்திலிருந்து வெளியேறிவிட்டேன். அது போதுமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: போதாது. வேலைவாய்ப்புத் தளத்திலிருந்து வெளியேறினாலும், அந்தக் கணினியில் உங்கள் பேஸ்புக் கணக்கு திறந்தபடியே இருக்கக்கூடும். அடுத்து அமர்பவர் அந்தத் தளத்தில் பேஸ்புக் மூலம் நுழையும் பொத்தானை அழுத்தினால் உங்கள் பெயரிலேயே நுழைந்துவிடுவார். இன்றே உங்கள் கைத்தொலைபேசியில் பேஸ்புக் அமைப்புகளுக்குச் சென்று, உள்நுழைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் அந்தக் கணினியை நீக்குங்கள்.

வேலை விண்ணப்பத்துக்குப் பேஸ்புக்கை நம்பியிருப்பதையும் நான் விரும்பவில்லை. 2018 செப்டெம்பரில் அதன் குறையொன்றைப் பயன்படுத்தி, ஏறத்தாழ 3 கோடிப் பேரின் கணக்குகளைக் கடவுச்சொல் இன்றியே திறக்கவல்ல நுழைவுக் குறியீடுகள் திருடப்பட்டன. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக் சுமார் 6 மணித்தியாலம் முடங்கியபோது, அதன் மூலம் நுழைந்துவந்த வேறு தளங்களும் பலருக்குத் திறக்கவில்லை. விண்ணப்ப முடிவுத் திகதியன்று அப்படி நேர்ந்தால் உங்கள் வாய்ப்பே போய்விடும். அந்தத் தளத்தின் கணக்கு அமைப்புக்குள் சென்று, உங்கள் மின்னஞ்சலையும் தனிக் கடவுச்சொல் ஒன்றையும் சேர்க்க வழியிருந்தால் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள்.