படத்தில் இருப்பவர் நியூட்டன் அல்ல

வணக்கம் ஐயா,

கண் கட்டப்பட்டு மண்டியிட்டிருக்கும் ஒருவரை ஜப்பானியர் ஒருவர் வாளை ஓங்கி வெட்டப்போகும் படம் வாட்ஸப்பில் வந்தது. ‘ஆஸ்திரேலிய விமானி பில் நியூட்டன், வயது 23, போர்க்கைதியாகக் கொல்லப்பட்டார்’ என்று போட்டிருந்தது. இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. இவரைப் பற்றி எழுதுவீர்களா?

க., கோவை

அன்புள்ள க.,

படம் உண்மை. பெயர்தான் தவறு. நியூட்டனுக்கும் அதே முடிவுதான் என்பதால் இந்தப் பிழை இன்னும் உயிரோடு இருக்கிறது.

நியூட்டன் மெல்போர்ன்காரர். பட்டுத்துணிக் கிடங்கில் வேலை. மற்ற நேரமெல்லாம் கிரிக்கெட். வேகப்பந்து வீச்சாளர். முதல்தர ஆட்டங்களில் இருமுறை 400 ரன்களைத் தாண்டிய பில் பான்ஸ்ஃபோர்டின் விக்கெட்டை 1938 ஜனவரியில் எடுத்தபோது அவருக்கு வயது 18. அவரை நினைக்க எனக்கு அந்தப் பந்து போதும். வாள் வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலிய விமானப்படையின் 22ஆம் ஸ்குவாட்ரனில், பாஸ்டன் என்ற வகைக் குண்டுவீச்சு விமானத்தை ஓட்டினார். 1943 மார்ச் 16 அன்று, நியூ கினியில் ஜப்பானியர் வசமிருந்த சலாமவாமீது தாழப் பறந்து குண்டு போட்டார். இறக்கை, எரிபொருள் தொட்டி, டயர் எல்லாம் துளைபட்ட நிலையில் அந்த விமானத்தை எப்படியோ திரும்பக் கொண்டுவந்து இறக்கினார். எண்ணிப் பார்த்தபோது 98 ஓட்டைகள். இரண்டே நாளில் மறுபடியும் அதே சலாமவா. இம்முறை குறி ஒரே ஒரு கட்டடம். குண்டு போட்டார், விமானம் தீப்பிடித்தது, கடலில் இறக்கினார். உடன் இருந்த இருவரில் ஈஸ்ட்வுட் பிழைக்கவில்லை. லையனும் நியூட்டனும் நீந்திக் கரையேறுவதை மேலே பறந்த தோழர்கள் பார்த்தார்கள்.

பிறகு இருவரும் பிடிபட்டார்கள். லையனை லே நகரில் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். நியூட்டனை சலாமவாவுக்குத் திரும்பக் கொண்டுவந்து மார்ச் 29 அன்று தலையை வெட்டினார்கள்.

இது வெளியே தெரிந்தது ஒரு ஜப்பானியரின் நாட்குறிப்பால். கைதியின் பெயர் அதில் இல்லை. பதவி, விமானம், சுட்டுவீழ்த்தப்பட்ட நாள் ஆகியவற்றை வைத்துத்தான் நியூட்டன் என்று கண்டுகொண்டார்கள். கடைசிவரை அவர் கலங்கவில்லை என்று வெட்டியவர்களின் பக்கத்தில் நின்றவரே எழுதிவைத்திருக்கிறார். செய்தி அக்டோபரில் வந்தது. அதே மாதம் வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. 1945 நவம்பரில் பதக்கத்தை அம்மா மின்னி வாங்கிக்கொண்டார்.

நீங்கள் பார்த்த படம் 1944இல் இறந்த ஜப்பானியர் ஒருவரின் உடலில் அமெரிக்கர்கள் கண்டெடுத்தது. தலை வெட்டப்பட்ட ஆஸ்திரேலியர் என்றால் எல்லோர் வாயிலும் நியூட்டன் பெயர்தான் இருந்தது, அதையே ஒட்டிவிட்டார்கள். புகழ்பெற்ற பெயர் பக்கத்தில் இருப்பவரை இப்படி விழுங்கிவிடும். மண்டியிட்டிருப்பவர் லென் சிஃப்ளீட், வயது 27. விமானி அல்ல, எதிரிப் பகுதிக்குள் உளவறியப் போன சிறப்புப் படைக்காரர். அவரைக் கொன்ற இடம் நியூ கினியின் ஐடாபே கடற்கரை, நாள் 1943 அக்டோபர் 24.

சலாமவாவை மீட்டபின் நியூட்டனின் உடலை ஒரு குண்டுக் குழியிலிருந்து எடுத்து லே போர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். சிஃப்ளீட்டின் உடல் கிடைக்கவில்லை. அதே வளாகத்தில், கல்லறை இல்லாதவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. உங்களுக்குப் படம் அனுப்பியவருக்கு அந்தப் பெயரையும் அனுப்பிவையுங்கள்.