நிமிடம் ஒரு ரூபாய், பேசினால் ஐந்து ரூபாய்

இந்த முறை செல்போனில் இன்டர்நெட் கால் பற்றிய கடிதங்கள் மட்டும். எல்லாமே புதுச்சேரி, கடலூர் பக்கம். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். மருமகளைப் பற்றி எழுதிய பகுதிகளையும் வெட்டியிருக்கிறேன், அதற்கு வேறு பத்தி பாருங்கள்.

கே: என் வீட்டுக்காரர் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர். அவர் போனபிறகு பென்ஷன் விஷயமாக பிரான்ஸ் ஆபீசுக்குப் பேச வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் அந்த நம்பர் வரவில்லை. பேரன் வேறு ஏதோ ஆப் போட்டுக் கொடுத்தான், அதிலும் கால் போகவில்லை.
– முத்தியால்பேட்டை

ப: வாட்ஸ்அப்பில் வராதும்மா. இரண்டு பக்கமும் அதே ஆப் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆபீஸ் லேண்ட்லைனுக்குப் பேச, ஆப்பிலிருந்து சாதாரண நம்பருக்குப் போகிற சேவை வேண்டும். வைபர் அவுட் அந்த வகை. காசு பிடிப்பார்கள். அந்தப் பக்கத்து டெலிபோன் கம்பெனிக்கு அவர்கள் கொடுத்தாக வேண்டுமே.

கால் போகாததற்குக் காரணம் அநேகமாக நம்பர் போட்ட விதம். பிரான்ஸ் நம்பர்கள் பத்து இலக்கம், முதல் இலக்கம் 0. வெளிநாட்டிலிருந்து போடும்போது +33 போட்டு அந்த 0-ஐ விட்டுவிட வேண்டும். கடிதத்தில் 01 என்று தொடங்கினால் நீங்கள் போட வேண்டியது +33 1. நான்கே இலக்கத்தில் ஒரு நம்பர் அச்சடித்திருந்தால் அது உள்ளூர்க்காரர்களுக்கு. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் வெளிநாட்டிலிருந்து அழைக்க வேறு நம்பர் இருக்கிறதா என்று பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அங்கே காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. திறந்தவுடன் அடியுங்கள். "காத்திருக்கவும்" என்று மெஷின் பேச ஆரம்பித்ததுமே கால் எடுக்கப்பட்டதாகத்தான் கணக்கு. அவர்கள் போடுகிற மியூசிக்குக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள்.

கே: வாட்ஸ்அப் கால் உண்மையிலேயே இலவசமா?
– வில்லியனூர்

ப: டேட்டா உங்களுடையது. மற்றபடி ஆமாம்.

கே: ரீல்ஸில் விளம்பரம் பார்த்து "உலகம் முழுக்க அன்லிமிடெட் கால், வருஷத்துக்கு 2,999" என்ற ஆப்புக்கு ஜிபேயில் பணம் போட்டேன். கொஞ்ச நாளில் ஆப் காணாமல் போய்விட்டது. பில் கேட்டபோதே தரவில்லை. பணம் ஒரு தனிநபர் பெயருக்குப் போயிருக்கிறது என்று இப்போதுதான் கவனித்தேன். புகார் கொடுத்தால் பணம் வருமா?
– லாஸ்பேட்டை

ப: பணம் அனுப்பும் முன் ஸ்கிரீனில் யாருக்குப் போகிறது என்று பெயர் வருகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பின் நம்பர் போடுகிறோம். கம்பெனிக்குக் கட்டுவதாக நினைத்தவர், அங்கே ஓர் ஆளின் பெயர் வந்தபோது என்ன நினைத்தீர்கள்? பில் தராதவனிடம் ஒரு வருஷத்துப் பணத்தை ஒரே தடவையில் ஏன் கொடுத்தீர்கள்?

சரி, திட்டியாயிற்று. 1930-க்கு அடியுங்கள், அது சைபர் மோசடி உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு. எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் அதைச் செய்திருக்க வேண்டும். யுபிஐ பரிவர்த்தனை எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள்.

கே: பிள்ளை மலேசியாவில். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஓர் ஆப்பில் "3 நாள் இலவசம்" என்று போட்டு ஒரு ரூபாய் மட்டும் கட்டச் சொன்னது. கட்டினேன். இப்போது வாராவாரம் 299 ரூபாய் போகிறது. ஓ.டி.பி.யும் கேட்கவில்லை. ஆப்பை அழித்துவிட்டேன், அப்படியும் போகிறது. வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– நெல்லிக்குப்பம்

ப: வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள், ஐயா. நீங்கள் கட்டியது ஒரு ரூபாய் இல்லை. அந்த ஒரு ரூபாயோடு சேர்த்து, இனிமேல் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியை வாங்கியிருக்கிறார்கள். முதல் தடவை ஒப்புதல் கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான தொடர் பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டியதில்லை என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதே விதியில், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் எஸ்.எம்.எஸ்.களில் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் அது உங்கள் பக்கத்துக்கு நல்ல ஆதாரம்.

ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. பணம் கட்டிய யுபிஐ ஆப்பைத் திறந்து, "ஆட்டோபே" என்ற இடத்துக்குப் போய், அந்தக் கம்பெனி பெயரைத் தொட்டு ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே சந்தாக்கள் பட்டியலில் ரத்து செய்ய வேண்டும். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள், புகார் நாளைக்கு எழுதலாம்.

புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். இப்படிச் சிக்கவைத்துவிட்டு வெளியேறும் வழியை மறைப்பதை, 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறை தவறான வணிக உத்தி என்று சொல்கிறது. அதில் பட்டியலிட்ட 13 உத்திகளில் "சந்தாப் பொறி"யும் ஒன்று. புகாரில் அந்தச் சொல்லையே எழுதுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக்குக் கட்டணமே கிடையாது. வாத்தியார் கைப்பட எழுதிய மனு போதும், வக்கீல் கட்டாயமில்லை.

கே: வீட்டுக்காரர் துபாயில். வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது, கால் மட்டும் போக மாட்டேன் என்கிறது. ரூமில் இருக்கிறவர்கள் வி.பி.என். போடச் சொல்கிறார்களாம்.
– பரங்கிப்பேட்டை

ப: வேண்டாம், தாயே. போன் கெட்டுப்போகவில்லை. அந்த நாட்டில் அனுமதி வாங்காத ஆப்களில் கால் பேசத் தடை. வி.பி.என். என்பது நெட்டில் நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறைக்கிற ஆப். அதைப் போட்டு ஒரு குற்றத்தைச் செய்தார் என்று மாட்டினால், அங்கத்திய 2021-ம் வருஷத்து சைபர் சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹமிலிருந்து 20 லட்சம் வரை. மிச்சம் பிடித்த காலுக்கு இது கட்டுபடியாகுமா? அங்கே அனுமதி உள்ள ஆப்கள் இருக்கின்றன, போட்டிம் ஒன்று. அதை இரண்டு பேரும் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பினால் அது போகும்.

கே: கத்தாரிலிருந்து தம்பி ஏதோ சீப் டயலர் ஆப்பில் கூப்பிடுகிறான். என் போனில் அவன் நம்பர் வராமல் ஏதோ வட இந்திய செல் நம்பர் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர். எப்படி?
– கடலூர் முதுநகர்

ப: திருட்டு வழி. வெளிநாட்டுக் காலை இன்டர்நெட்டில் கொண்டுவந்து, இங்கே ஒரு பெட்டிக்குள் வரிசையாகச் செருகிய சிம்களில் ஒன்றின் வழியாக உள்ளூர்க் கால் மாதிரி இறக்கிவிடுகிறார்கள். சிம் பாக்ஸ் என்று பெயர். சர்வதேசக் காலுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் தப்பிப்பதால்தான் அந்த டயலர் அவ்வளவு சீப். பேசுகிற தம்பி மேல் குற்றமில்லை. ஆனால் இதே பெட்டி வழியாகத்தான் "போலீஸ் பேசறோம், பார்சல்ல போதைப்பொருள்" கால்களும் வருகின்றன. இந்திய நம்பர் வேஷம் போட்டு வெளிநாட்டிலிருந்து நுழையும் கால்களைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. சிம் பாக்ஸ் கால் அதற்குள் மாட்டாது, உள்ளே இருப்பது நிஜமான இந்திய சிம் ஆயிற்றே. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், வெளிநாட்டுக் கால் இந்திய நம்பரில் வந்தது என்று புகார் கொடுக்கத் தனி இடம் இருக்கிறது. தம்பியிடம் வேறு ஆப் போடச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கே: "பிரான்ஸுக்கு நிமிடம் 1 ரூபாய்" என்று பார்த்து ஓர் ஆப்பில் 500 ரூபாய் ஏற்றினேன். 500 நிமிடம் வரும் என்று கணக்கு. பாதிகூட வரவில்லை. ஏமாற்றுகிறார்களா, எனக்குக் கணக்குத் தெரியவில்லையா?
– மஞ்சக்குப்பம்

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். உட்காருங்கள்.

முதலில், அந்த 1 ரூபாய் எதற்கு? பெரும்பாலும் லேண்ட்லைனுக்கு. செல்லுக்கு வேறு விலை, அது விலைப்பட்டியலின் மூன்றாவது பக்கத்தில் இருக்கும். பிரான்ஸில் 06, 07 என்று தொடங்குவது செல். உங்கள் சொந்தக்காரர் தந்தது எந்த நம்பர் என்று பாருங்கள்.

அடுத்தது, இணைப்புக் கட்டணம். கால் எடுத்தவுடனே ஒரு தொகை போய்விடும். அதோடு செகண்ட் கணக்கு இல்லை, முழு நிமிடக் கணக்கு. ஒரு நிமிடம் ஐந்து செகண்ட் பேசினால் இரண்டு நிமிடம். இணைப்புக் கட்டணம் 3 ரூபாய் என்று வையுங்கள். "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, அப்புறம் பேசறேன்" என்று 65 செகண்டில் வைத்துவிட்டால், 3-ம் 2-ம் சேர்ந்து 5 ரூபாய். விளம்பரத்தில் 1 ரூபாய், கையை விட்டுப் போனது 5. இப்படி இருபது தடவை கூப்பிட்டால் நூறு ரூபாய் காலி. ஒரே தடவையில் இருபது நிமிடம் பேசியிருந்தால் 23 ரூபாய்தான். நம் ஆட்கள் பேசுவது எல்லாம் முதல் வகை என்று விலை போட்டவனுக்குத் தெரியும்.

மூன்றாவது, வெளிநாட்டு ஆப்புக்குக் கார்டில் கட்டினால் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. ஆப்பின் கணக்கில் அது தெரியாது, மாதக் கடைசியில் கார்டு பில்லில் தெரியும்.

நான்காவதுதான் எனக்கு ஆத்திரம் தருவது: மிச்சப் பணம். 180 நாள் தொடவில்லை என்றால் முடங்கும், 90 நாளில் காலாவதி, திருப்பித் தரப்படாது என்று ஒவ்வொருவனும் ஒரு விதி வைத்திருக்கிறான். நம் பணத்தை முன்கூட்டி வாங்கி வைத்துக்கொண்டு, நாம் பேசாத குற்றத்துக்கு அதை எடுத்துக்கொள்வது என்ன வியாபாரம்? மளிகைக் கடையில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் போனால் "கெடு முடிந்தது" என்று அண்ணாச்சி சொல்வாரா? நேரு வீதியில் ஒரு காலத்தில் காலிங் கார்டு வாங்கிய ஆள் நான். மூன்று மணி நேரம் பேசலாம் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முதல் காலிலேயே "உங்கள் இருப்பு" என்று ஒரு பெண்குரல் சொன்ன தொகை, நான் கட்டிய தொகையே இல்லை. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன், கடைக்காரர்தான் இல்லை. பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். 2011-ல் 850 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஸ்கைப்பையே 2025 மே 5-ம் தேதி மூடிவிட்டார்கள்.

ஆகவே இருப்பதிலேயே குறைந்த தொகையை ஏற்றுங்கள். ஒரு கால் பேசி, உடனே கால் விவரத்தைத் திறந்து எவ்வளவு போனது என்று பாருங்கள். விளம்பரக் கணக்கோடு ஒத்துவந்தால் மட்டும் அடுத்த ரீசார்ஜ். உங்கள் செல் கம்பெனியின் ஐ.எஸ்.டி. பேக் விலையையும் ஒரு தடவை கேளுங்கள். சில நாடுகளுக்கு அதுவே தேவலை என்று ஆகும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: இரண்டும்.

கே: ஹாஸ்டலில் ராத்திரி வாட்ஸ்அப் கால் விட்டுவிட்டுக் கேட்கிறது. இன்னும் ஸ்பீடான பிளான் போடலாமா, பூஸ்டர் வாங்கலாமா?
– காலாப்பட்டு

ப: இரண்டும் வேண்டாம், தம்பி. குரலுக்கு ஸ்பீடு தேவையே இல்லை. பழைய லேண்ட்லைன் தரத்துக்கு ஒரு திசைக்கு 64 கிலோபிட் போதும். இரு பக்கமும் சேர்த்து நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்.பி., வாட்ஸ்அப் அதற்கும் குறைவாகவே எடுக்கும். தேவை, குரல் தாமதமில்லாமல் ஒரே சீராகப் போவது. ஒரு வழிக்கு 150 மில்லிசெகண்டுக்குள் போனால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. ராத்திரி ஹாஸ்டலே ஒரு வைஃபையில் வீடியோ பார்த்தால் உன் குரல் வரிசையில் நிற்கிறது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பேசிப் பார். பூஸ்டர் ஒன்று சண்டே மார்க்கெட்டில் நானும் வாங்கினேன். பச்சை லைட் அழகாக எரிகிறது.

கே: வீட்டில் வைஃபை இருக்கிறது, எல்லாரும் ஆப்பிலேயே பேசுகிறோம். அப்பாவின் சிம்முக்கு எதற்கு ரீசார்ஜ்? விட்டுவிடலாமா?
– திருப்பாதிரிப்புலியூர்

ப: விடாதீர்கள். வாட்ஸ்அப்பிலிருந்து அவசர உதவி எண் 112-க்கோ ஆம்புலன்ஸுக்கோ கூப்பிட முடியாது. வங்கி ஓ.டி.பி. அந்த சிம்முக்குத்தான் வரும். 90 நாள் உபயோகமே இல்லாமல் கிடந்தால் நம்பரையே எடுத்துவிட கம்பெனிக்கு உரிமை உண்டு. தானே புயல், ஃபெஞ்சல் புயல் இரண்டையும் பார்த்த ஊர்க்காரர் நீங்கள். கரண்ட் போனால் முதலில் சாவது வீட்டு வைஃபை. டேட்டாவுக்குச் சேர்த்துக் கட்ட மனசில்லை என்றால், பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கே: போன் கடையில் "வைஃபை காலிங் ஆக்டிவேஷன்" என்று 200 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– அரியாங்குப்பம்

ப: வைஃபை வழியாகவே சாதாரண கால் பேசுகிற வசதி அது. செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் போனால் அந்தப் பெயரிலேயே ஒரு சுவிட்ச் இருக்கும். நீங்களே தள்ளிக்கொள்ளுங்கள். சுவிட்ச் இல்லை என்றால் உங்கள் போனிலோ சிம் கம்பெனியிலோ அந்த வசதி இல்லை, 2,000 கொடுத்தாலும் வராது.