பழைய பொப் பாடல்களிலும் வானொலி நிகழ்ச்சிகளிலும் உங்கள் மனதுக்கு நெருக்கமானவை எவை?

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வயது அறுபது தாண்டிவிட்டது. ஆகவே என் பதில் முழுக்க எழுபதுகளின் இலங்கை வானொலிதான்.

பாட்டென்றால் முதலில் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’. மாமியின் மகளைத் தேடி வந்த மருமகன் கேட்கிறான், மாமி பதில் சொல்கிறா. பாட்டு அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டு முற்றத்தில் நடக்கிற பேச்சு. அதுவரை றேடியோவில் நான் கேட்ட காதல் எல்லாம் சினிமாக் காதல். வயலினும் வர்ணனையுமாக வரும். இது ஒரு கிட்டாரோடு நேரே வாசலுக்கு வந்து நின்றது. அவருடைய ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ பாட்டும் அப்படித்தான். ஊரில் எத்தனை வீடுகளில் பெண்கள் சொல்லி அழுத விஷயம் அது!

அடுத்தது ஏ.ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’. ‘மாலு’ என்றால் மீன் என்பதே எனக்கு அந்தப் பாட்டால்தான் தெரியும். நான் கற்ற முதல் சிங்களச் சொல் அது. போர்த்துக்கேயர் வழி வந்த பைலாத் தாளத்துக்குச் சிங்களவரும் தமிழரும் ஒன்றாக ஆடிய காலம் ஒன்று இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல, எனக்கு இந்தப் பாட்டை விட்டால் வேறு சாட்சி இல்லை.

நிகழ்ச்சிகளில் கே.எஸ். ராஜாவின் மின்னல் வேக அறிவிப்பு, ‘பொங்கும் பூம்புனல்’, கதையும் சினிமாப் பாட்டும் மாறி மாறி வந்து எங்கள் அக்காமாரை அழவைத்த ‘இசையும் கதையும்’ எல்லாம் பிடிக்கும். ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகம்தான். எஸ். ராம்தாஸ் எழுதியது. நாலு பாத்திரங்கள், நாலு தமிழ். மரிக்கார் முஸ்லிம் மக்களின் தமிழ் பேசுவார், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், உபாலி சிங்களவர் பேசுகிற தமிழ், ஐயர் பிராமணத் தமிழ். மரிக்காராகப் பேசியவர் ராம்தாஸ். ஐயராகப் பேசியவர் பி.எச். அப்துல் ஹமீத்! உபாலிக்குச் செல்வசேகரன், அப்புக்குட்டிக்கு ராஜகோபால். ஒருவர் மற்றவரின் தமிழை அவ்வளவு ஆசையோடு நாவில் எடுத்துப் பேசியதை நான் பிறகு எங்கும் கேட்கவில்லை. அப்பா சாப்பாட்டுக் கோப்பையோடு விறாந்தைக்கு வந்து, சோறு காய்வதும் தெரியாமல் நின்று கேட்பார். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்தது, பார்த்தேன். என்றாலும் குரலை மட்டும் கேட்டு நான் மனதில் வரைந்து வைத்திருந்த உபாலிதான் எனக்கு உபாலி.

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்துத்தான் றேடியோ கேட்போம். செய்தி முடிந்ததும் அம்மா பழைய பொப் பாட்டுக் கசற்றைப் போடச் சொல்லுவா. கசற் போட்டால் ஒரே சீராகச் சுற்றவேண்டும். கை கொஞ்சம் தளர்ந்தால் குரல் தடித்து, கிட்டார் கம்பி தொய்ந்ததுபோல இழுபடும். இருட்டுக்குள் சில்லு சுற்றும் சத்தமும் சேர்ந்துதான் அந்தப் பாட்டு எனக்கு இன்றும் கேட்கிறது. இன்று கைபேசியில் ‘சின்ன மாமியே’ துல்லியமாக ஒலிக்கும்போதும் இரண்டாவது அடியில் என் வலது கை தானாகவே அசையும். “தம்பி, கொஞ்சம் கெதியாச் சுத்து, பாட்டு இழுக்குது” என்று அம்மா சொல்லுவா.