பத்துக்கு எத்தனை?

அன்புள்ள ஐயா,

குடிநோயாளிகளுக்கான மறுவாழ்வு இல்லத்தில் இரவுப் பொறுப்பாளராக இருக்கிறேன். 30 நாள் சொன்ன பேச்சைக் கேட்டு இருந்தவர், வீட்டுக்குப் போன 3-ஆம் நாளே குடிக்கிறார். திருந்தும் எண்ணமே இல்லாதவரிடம் பேசி என்ன பயன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 30 நாளும் அவர் விதிக்குக் கட்டுப்பட்டிருந்தார், அவ்வளவுதான். மணியடித்தால் எழுவது வேறு, குடியை விட நினைப்பது வேறு. உங்களோடு மல்லுக்கு நிற்பவரைவிட, எல்லாவற்றுக்கும் 'சரி சார்' சொல்பவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

எண்ணமே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் இரண்டு மனமாகத்தான் இருப்பார்கள். 'குடி குடும்பத்தைக் கெடுக்கும்' என்று நாம் பேசினால், மிச்சமிருக்கிற பக்கத்தை அவர் எடுத்துக்கொள்வார். குடிக்காக அவர் வாயாலேயே வாதாட வைத்துவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்த 'ஊக்கமூட்டும் நேர்காணல்' முறை இதைத் தலைகீழாக்குகிறது: மாறுவதற்கான காரணத்தை அவரே சொல்ல வேண்டும்.

குடியை நிறுத்திய முதல் வாரம் இந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். கை நடுங்கும், தூக்கம் வராது. வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உடல் தேறிய பிறகு தனியாக உட்காருங்கள், 15 நிமிடம் போதும். 'குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள்.' 4 என்கிறார். உடனே 'ஏன் 10 இல்லை?' என்று கேட்டுவிடுவோம். தடைகளாக அடுக்குவார். அதற்குப் பதில் 'ஏன் 1 இல்லை?' என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் பேச்சே வராது. அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். 'என் பையன் என்னைக் கண்டாலே ஒதுங்குறான்' என்பார். 'அது உங்களை உறுத்துகிறது' என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி நிறுத்துங்கள். அறிவுரை வேண்டாம். நாக்கு நுனிவரை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். தகவல் சொல்லியே ஆக வேண்டுமென்றால், 'சொல்லலாமா?' என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

'முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு?' என்பது தனிக்கேள்வி. முக்கியம் 8, நம்பிக்கை 2 என்றால் அவருக்குக் குறைவது ஆசையில்லை, வழி. சம்பளம் கைக்கு வரும் மாலை எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவார், பழைய கூட்டாளி கூப்பிட்டால் என்ன சொல்வார் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுத வையுங்கள். இல்லத்தின் விதி அனுமதித்தால் அனுப்பும் முன் 4 மணி நேரம், பிறகு ஓர் இரவு என்று வெளியே விட்டுப் பாருங்கள். திரும்பியதும் குற்ற விசாரணை வேண்டாம். எந்த நேரம் கடினமாக இருந்தது என்று மட்டும் கேட்டு, எழுதியதைத் திருத்துங்கள்.

குடித்துவிட்ட அந்த மனிதரையும் இதே கேள்விகளோடு திரும்பக் கூப்பிடுங்கள். அவருடைய 30 நாளில் எது உதவியது என்பதிலிருந்து தொடங்கலாம்.