பூங்கா இடம் யார் பெயரில் இருக்கிறது? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே உள்ளாட்சி சம்பந்தப்பட்டவை.

கேள்வி: பெங்களூர் ரோட்டுப் பக்கம் மாந்தோப்பை அழித்துப் போட்ட மனைப்பிரிவில் 2020-ல் மனை வாங்கினோம். வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்துக் காட்டிய இடத்தில் இப்போது கல் நடுகிறார்கள். மனை போட்டவரைக் கேட்டால் “அதற்குப் பதில் பணம் கட்டியாச்சு” என்கிறார். ஊராட்சியில் விவரம் தெரியாது என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் மனைப்பிரிவின் மொத்தப் பரப்பைப் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 74 சென்ட் வரை, பொதுத் திறந்தவெளி, அதாவது பூங்கா போன்ற பொது இடம், விட வேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதம் விட வேண்டும், விட முடியாதபோது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால் பணம் என்ற பேச்சுக்கே இடமில்லை, நிலமாகத்தான் கொடுக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 2 ஏக்கர் 47 சென்ட்.

இந்த இடத்தின் மேல் ஏன் இவ்வளவு கண் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 ஏக்கரில் மனை போட்டு, சாலைக்கு 1 ஏக்கர் போனால் மீதி 300 சென்ட். அதில் 10 சதவீதம் 30 சென்ட், சுமார் 13,000 சதுர அடி. 1,200 சதுர அடி மனையாகப் பிரித்தால் பத்துக்கும் மேல் தேறும். மாந்தோப்பு போனது போனதுதான், அந்த 30 சென்ட்டில் பத்து மரமாவது நிற்க வேண்டாமா?

சரி, இனி செய்ய வேண்டியது. விற்பனையின்போது கொடுத்த வண்ணத்தாளை நம்பாதீர்கள், அது விளம்பரம். ஒப்புதல் எண் உங்கள் பத்திரத்தில் இருக்கும், அதை வைத்து நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்குங்கள், தரத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அந்த வரைபடத்தில் பூங்கா என்று இருந்தால் அது பூங்காதான், பிறகு பணம் கட்டினேன் என்பது செல்லாது. அடுத்து, அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாகப் பதிந்து கொடுத்த பிறகுதான் இறுதி ஒப்புதல் கிடைக்கும் என்பதால் அந்தப் பதிவு அதில் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் கோளாறு இதற்கு அடுத்த கட்டத்தில்தான் நடக்கிறது. தானப்பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டா மாறியிருக்காது. வருவாய்க் கணக்கில் பழைய உரிமையாளர் பெயரே நிற்கும், நாலைந்து வருடம் கழித்து அந்தப் பட்டாவைக் காட்டியே இன்னொருவருக்கு விற்றுவிடுவார்கள். அதனால் தானப்பத்திர நகலை இணைத்து, உட்பிரிவு செய்து ஊராட்சி பெயருக்குப் பட்டா மாற்றச் சொல்லி வட்டாட்சியருக்கும், வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், ஆட்சியருக்கும் மனுக் கொடுங்கள். குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கல் நட்ட இடத்தில் வீடு எழும்பிவிட்டால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும், இந்த வாரமே கிளம்புங்கள்.

கேள்வி: எங்கள் ஏரியில் பல வருடமாகத் தண்ணீர் நிற்பதில்லை. “சும்மா கிடக்கிற இடம்தானே” என்று அதன் ஓரத்தில் சமுதாயக்கூடம் கட்ட கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப் பார்க்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் வளர்ச்சிக்கு விரோதி என்கிறார்கள்.
– ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்

பதில்: தீர்மானம் போட்டாலும் ஏரி ஏரிதான், நீர்நிலையை வேறு வகைக்கு மாற்றும் அதிகாரம் கிராம சபைக்குக் கிடையாது. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீரில் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடமும் அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. ஊர்ப் பொதுநிலங்களை மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அந்த இடம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து நகலோடு கூட்டத்துக்குப் போங்கள்.

ஏரி ஏன் காய்கிறது என்பதையும் அங்கேயே கேளுங்கள். வரத்து வாய்க்காலை மேலே யாராவது மறித்திருந்தால் மழை பெய்தும் தண்ணீர் வராது. நம் இரண்டு மாவட்டங்களிலும் போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதால்தானே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே தொடங்கினார்கள்? இப்படிப்பட்ட ஊரில் ஏரியை விட்டுக்கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன். சமுதாயக்கூடம் வேண்டும்தான், நத்தத்தில் இடம் தேடச் சொல்லுங்கள், நீங்களும் கூட நின்று தேடிக் கொடுங்கள்.

அப்புறம் ஒன்று. தீர்மானப் புத்தகத்தில் முதலில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாசகத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வாசகத்தை எழுதி, உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து என்று நில்லுங்கள். நீங்கள் எதிர்த்ததையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: குடிநீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது, கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். ஆனால் நன்றாக இருந்த சிமென்ட் சாலை மேலேயே இன்னொரு சாலை போட்டார்கள். இது எப்படி?
– ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்

பதில்: நியாயமான கோபம். 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில், அதாவது ஒன்றிய அரசு உள்ளாட்சிகளுக்குத் தந்த நிதியில், 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது, அதை எடுத்துச் சாலை போட முடியாது. மீதி 40 சதவீதத்தில் ஊருக்கு வேண்டியதைச் செய்யலாம், சம்பளத்துக்கு மட்டும் கூடாது. ஆகவே “நிதி இல்லை” என்ற பதிலோடு திரும்பாதீர்கள். எந்தத் தலைப்பில் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கேளுங்கள். இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சி வாரியாக இந்தக் கணக்கை யாரும் பார்க்கலாம், வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் எடுத்துக் கொடுக்கும். அந்தத் தாளோடு கிராம சபைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் சபை கூடும்.

கேள்வி: நாங்கள் பேரூராட்சியில் இருக்கிறோம். எங்களுக்கும் கிராம சபை உண்டா?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கிராம சபை இல்லை. ஆனால் 2022-ல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. கடைசியாக எப்போது கூட்டினீர்கள், நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் செயல் அலுவலரிடமும் எழுத்திலேயே கேளுங்கள். வரவு செலவுத் திட்டம் மன்றத்துக்குப் போவதற்கு முன்பே கேட்டால்தான் உங்கள் தெரு சாக்கடை அதில் இடம்பெறும்.